அக்டோபர் பட்டியல் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற ஆட்டம்) பாதிப் பருவம் முடிந்ததும் "இதுவரை சிறந்தவர்கள்" என்று பட்டியல் போடுகிற பத்திரிகை, தொலைக்காட்சி நிருபர்களுக்கும், டிசம்பரில், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கான ஹைஸ்மன் கோப்பைக்கு வாக்குச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும்,

போன அக்டோபரில் உங்களில் ஒருவர் போட்ட பட்டியலில் ஒரு பையனின் பெயரை வலது கார்டு என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பையன் கார்டு இல்லை, சென்டர்: முன்வரிசை ஐவரில் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிறவன். கார்டு அவன் பக்கத்தில் நிற்பவன். அதுகூடப் போகட்டும். மூன்றாவது ஆட்டத்தில் அவனுக்கு முழங்கால் பிசகிவிட்டது. அதற்கப்புறம் அவன் ஒரு ஸ்நாப்கூட, அதாவது பந்து கிளம்புகிற ஒரு தடவைகூட, ஆடவில்லை. உங்கள் பட்டியல் வந்த வாரம் அவன் இரண்டு ஊன்றுகோலோடு மைதான ஓரத்தில் நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் இடத்தில் இறங்கி நாலு ஆட்டம் ஆடியவனின் பெயர் உங்கள் பட்டியலில் எங்கேயும் இல்லை.

எந்த அணி, எந்தப் பையன் என்று இங்கே எழுதமாட்டேன். இருபது வயதுப் பிள்ளைகள். அடிபட்டவன் மேலும் தப்பில்லை, இறங்கியவன் மேலும் தப்பில்லை. பட்டியல் போட்ட நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். இந்தத் தப்பை உங்களில் யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கமே. ஆங்கிலத்தில் இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். முதல் மடலுக்கு "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று இயந்திரம் பதில் போட்டது. இரண்டாவதற்கு இயந்திரமும் பதில் போடவில்லை. மூன்றாவதை எனக்குக் கை தடுக்காத மொழியில் எழுதுகிறேன். டல்லாஸிலும் கொலம்பஸிலும் ஆன் ஆர்பரிலும் நம் ஆட்கள் சனிக்கிழமையானால் இந்த ஆட்டத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும். உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல என் மகள் இருக்கிறாள்.

நான் நெப்ராஸ்கா மாநிலத்தில், லிங்கன் நகரத்தில் இருக்கிறேன். 2006 ஜனவரியில், மூக்கு நுனி மரத்துப்போகிற குளிரில் வந்து இறங்கினேன். இந்த ஊரில் இருந்துகொண்டு ஃபுட்பால் பிடிக்காது என்று சொல்வது, மதுரையில் இருந்துகொண்டு சித்திரைத் திருவிழா பிடிக்காது என்று சொல்கிற மாதிரி. சொல்லலாம், ஆனால் அன்றைக்குத் தெருவில் வண்டி எடுக்க முடியாது. இங்குள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பரிலிருந்து ஒரு ஆட்டத்துக்கும் டிக்கெட் மிஞ்சியதில்லை. ஆட்ட நாளில் அரங்குக்குள் இருக்கிற கூட்டம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்று ஊர்க்காரர்கள் பெருமையடிப்பார்கள். கணக்குப் பார்த்தால் அது உண்மையும்கூட.

எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். நாற்பது வருஷம் சோளம் போட்டவர். முதல் வருஷம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வடக்கு எண்ட் ஸோனில், அதாவது மைதானத்தின் வடக்கு முனையில், மேலே கடைசி வரிசைகளில் உட்கார வைத்தார். "இங்கிருந்து என்னங்க தெரியும், எல்லாம் எறும்பு மாதிரி இருக்கே" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு பாதி ஆட்டம் போனபிறகு, "பந்து எங்கே போகுதுன்னு பார்க்காதே. அது போகிறதுக்கு முன்னாடி வழி எங்கே திறக்குதுன்னு பார்" என்றார். பக்கவாட்டுக் கேமராவில் தெரியாத ஒன்று அந்த மலிவு இருக்கையிலிருந்து தெரியும். பந்து சென்டரின் கையை விட்டுக் கிளம்பிய அரை நொடியில், ஐந்து பேர் ஒரே மாதிரி வலப்பக்கம் ஒரு கால் எடுத்து வைப்பார்கள். கார்டும் அவனுக்கு வெளிப்பக்கம் நிற்கிற டேக்கிளும் சேர்ந்து எதிரே நிற்கிற தடியனை இரண்டு தோளால் நெம்புவார்கள். அவன் அசைந்தானோ இல்லையோ, இருவரில் ஒருவன் சட்டென்று கழன்று பின்னால் நிற்கிற லைன்பேக்கரைப் போய் மறிப்பான். நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு சந்து. அதில்தான் பந்தை ஏந்தி ஓடுகிற ரன்னிங் பேக் நுழைகிறான். மறுநாள் பேப்பரில் அவன் படம்.

எங்கள் ஊர்ப் பக்கம் தேரோட்டத்தில் வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். தேர் வீடுகளின் மேல் சாயாமல் திரும்புவது, சக்கரத்துக்கு அடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிற நாலு பேரால். அவர்களுக்கு விரல் போகும், சில சமயம் உயிரும் போகும். யாரும் அவர்களைப் படம் எடுத்து நான் பார்த்ததில்லை. இந்த ஆட்டத்தில் முன்வரிசை ஐவரைப் பார்த்த அன்றே எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

இன்னொரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களில் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். வெளியூர் அணி எங்கள் அரங்கில் ஆடும்போது எழுகிற சத்தத்தில், பந்தை வாங்கி எறிகிற குவார்ட்டர்பேக் கத்துவது பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. அதனால் சைகைதான். கார்டு குனிந்த நிலையிலேயே தலையைத் திருப்பிப் பின்னால் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பான். அவன் காலைத் தூக்கி வைத்தால், கார்டு சென்டரின் இடுப்பில் ஒரு தட்டு தட்டுவான். சென்டர் தலையை ஒரு முறை நிமிர்த்துவான். அதற்கு முன்பே அவன் எதிரணியின் நடு லைன்பேக்கரைக் கைகாட்டி, யார் யாரைப் பிடிப்பது என்று ஐந்து பேருக்கும் பங்கு பிரித்திருப்பான். எதிரில் இருப்பவர்கள் கடைசி நொடியில் இடம் மாறினால், அவன் மறுபடி பிரிக்க வேண்டும். இத்தனையும் முடிந்தபிறகுதான் ஆட்டமே தொடங்குகிறது. ஒரு ஆட்டத்தில் எழுபது தடவை இது நடக்கும். எழுபதில் அறுபத்தொன்பது சரியாகச் செய்தால் யாருக்கும் அவன் பெயர் தெரியாது. ஒன்று தப்பினால் ஒலிபெருக்கியில் அவன் எண்ணைச் சொல்வார்கள்.

உங்கள் பட்டியலில் குவார்ட்டர்பேக் மூன்று பேருக்கு ஆளுக்கு ஒரு பத்தி இருந்தது. முன்வரிசை ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் இரண்டு தப்பு.

"ஏன் இப்படி?" என்று உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவரிடமே நேரில் கேட்டேன். எங்கள் பக்கத்து நகரத்து நூலகத்தில் பேச வந்திருந்தார். நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். வாரத்தில் முழுசாகப் பார்ப்பது இரண்டு ஆட்டம், மற்றதெல்லாம் துண்டுக் காட்சியும் புள்ளிவிவரத் தாளும்தான் என்றார். முன்வரிசைக்கு என்ன செய்வீர்கள் என்றேன். "ஆகஸ்டில் எல்லோரும் யாரைச் சொன்னார்களோ அவர்களை" என்றார். கூட்டத்தில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் சிரிப்பு நின்றது. ஆகஸ்டில் அப்படிச் சொல்லும்போது ஆட்டமே தொடங்கியிருக்காது. போன வருஷப் பெயரைப் பார்த்து ஆகஸ்டில் ஒரு பட்டியல், ஆகஸ்ட் பட்டியலைப் பார்த்து அக்டோபரில் ஒரு பட்டியல், அக்டோபரைப் பார்த்து டிசம்பரில் வாக்கு. முழங்கால் பிசகினவன் பெயர் அதனால்தான் அங்கே இருந்தது. அவனை யாரும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, நீக்குவதற்கும் யாரும் பார்க்கவில்லை.

புள்ளிவிவரத் தாளை நம்புகிறேன் என்கிறீர்கள். முன்வரிசைக்காரனுக்குத் தாளில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. எதிரணியைத் தடுக்கிற டிஃபென்ஸில் ஆடுகிறவர்களின் சாக் (எறியுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), டேக்கிள் (பந்து வைத்திருப்பவனை வீழ்த்துவது) கணக்கையே, கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. அதிகாரபூர்வமாக வைக்கத் தொடங்கியது 2000-இல்தான். எதிரணியில் பந்து பிடிக்க ஓடுகிறவனைக் காவல் காக்கிற கார்னர்பேக்குக்கு இன்னும் விசித்திரம்: அவன் எவ்வளவு நல்லவனோ அவ்வளவு குறைவாக அவன் பக்கம் பந்து வரும். சின்சினாட்டியில் ஆடிய சாஸ் கார்ட்னர் கல்லூரியில் இருந்த காலம் முழுக்க, தான் காவல் காத்த ஆளிடம் ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்து எடுக்கிற புள்ளி) விட்டுக்கொடுத்ததில்லை. அந்தப் பூஜ்யத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

ஹைஸ்மன் வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1935 முதல் கொடுக்கிறார்கள். முன்வரிசையின் நடுவில் ஆடுகிற ஒருவனுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. 1936-இல் லாரி கெல்லி, 1949-இல் லியான் ஹார்ட் என்று இரண்டு பேரைச் சிலர் கணக்குக் காட்டுவார்கள். அவர்கள் எண்ட், அதாவது பந்து பிடிக்கிறவர்கள். ஒஹாயோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் 1973-இல் இரண்டாம் இடம் வந்தார், அதற்குமேல் எந்த ஒஃபென்ஸிவ் லைன்மேனும், அதாவது வழி திறக்கிற முன்வரிசைக்காரனும், ஏறவில்லை. அதே கல்லூரி 1996-இல் ஆர்லாண்டோ பேஸுக்காகத் தோசை மாதிரி வட்டமாகக் காந்த ஸ்டிக்கர் செய்து உங்களைப் போன்ற நிருபர்களுக்கு அனுப்பியது. எதிரியைத் தட்டையாகப் படுக்க வைக்கிற தடுப்புக்குப் 'பான்கேக்' என்று பெயர், அதனால். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளப் பொம்மை கொடுத்தால்தான் ஒருவனைப் பார்ப்பீர்கள் என்ற நிலைமை. அப்போதும் நாலாம் இடம்தான்.

டிஃபென்ஸ் பக்கம் இரண்டு பேருக்குக் கிடைத்திருக்கிறது. 1997-இல் மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்சன், 2024-இல் கொலராடோவின் டிராவிஸ் ஹண்டர். வுட்சன் எதிரணி உதைத்தனுப்பும் பந்தை (பன்ட்) பிடித்து ஓடினார், பந்து பிடிக்கிற ரிசீவராகவும் இறங்கினார். ஹண்டர் ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பக்கமும் ஆடினார். இருவரும் அபாரமான ஆட்டக்காரர்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் டிஃபென்ஸ்காரனை உங்கள் கண்ணுக்குக் காட்ட அவன் கையில் பந்தைக் கொடுக்க வேண்டியிருந்ததா இல்லையா?

எங்கள் ஊர்க் காயத்தை இங்கே சொல்லாமல் முடியாது. 2009. எங்கள் அணியின் என்டமுகாங் சூ, 93-ஆம் எண், டிஃபென்ஸின் முன்வரிசை நடுவில் ஆடுகிற டிஃபென்ஸிவ் டேக்கிள். அக்டோபர் 8, வியாழக்கிழமை இரவு, மிசூரியில் கொட்டுகிற மழை. மூன்று கால் பகுதி முடிந்தும் நாங்கள் 12-0 பின்னால். பெரியவர் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மனைவி சோள வறுவலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிலைமையைப் பார்த்துப் பேசாமல் மேலே போய்விட்டார். நூற்று நாற்பது கிலோவை நெருங்கும் ஒரு மனிதர் அந்தச் சேற்றில் பந்தைப் பறித்து, பந்தைப் பிடித்து, எதிரணிக் குவார்ட்டர்பேக்கை இரவு முழுக்க ஓடவிட்டார். கடைசிக் கால் பகுதியில் மட்டும் 27 புள்ளி எடுத்து 27-12 என்று ஜெயித்தோம். அது கிட்டத்தட்டப் பருவத்தின் நடுப்பகுதி. அந்த மாதம் வந்த பேச்சையெல்லாம் நினைத்துப் பாருங்கள்: டிம் டீபோ, கோல்ட் மக்காய், மார்க் இன்கிரம் என்று குவார்ட்டர்பேக்கும் ரன்னிங் பேக்கும்தான். சூவின் பெயரை நீங்கள் உரக்கச் சொல்லத் தொடங்கியது டிசம்பர் 5-க்குப் பிறகு. பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில், டெக்சஸுக்கு எதிராக, அவர் நாலரை சாக் எடுத்து, கோல்ட் மக்காயைத் தரையில் சுழற்றி எறிந்த இரவு அது. அன்றைக்கும் நாங்கள் 13-12 என்று தோற்றோம், கடிகாரத்தில் திருப்பி வைக்கப்பட்ட ஒரே ஒரு நொடியில். அதைப் பற்றிப் பேசினால் இந்த மடல் முடியாது.

ஹைஸ்மனில் சூவுக்கு நாலாம் இடம். கோப்பை வென்ற மார்க் இன்கிரமுக்கும் இரண்டாம் இடம் வந்த டோபி கெர்ஹார்ட்டுக்கும் இடையே 28 புள்ளிதான் வித்தியாசம், அவ்வளவு நெருக்கமான வாக்கு. அதே வருஷம் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று சூவைத்தான் தேர்ந்தெடுத்தது. டிஃபென்ஸ்காரருக்கு அந்த விருது அதுவே முதல் தடவை. அக்டோபரிலேயே நீங்கள் அவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தால் டிசம்பரில் என்ன ஆகியிருக்கும் என்று இந்த ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். நாலாம் இடத்துக்கு வரவே அவருக்கு அப்படி ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

ரசிகர்கள் எல்லோருமே தன் ஊர்க்காரனைத்தான் சொல்வார்கள் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் வாதம் எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் வந்து பாருங்கள். வருஷாவருஷம் பாதிப் பருவத்தில் ஒரு நாளை ஒதுக்கி வைப்போம். அன்றைக்கு என் கராஜில் ஆறு பேர் கூடுவோம். பெரியவர், ஒரு மெக்சிகோ வம்சாவளி மெக்கானிக், ஒமாஹாவிலிருந்து வரும் தெலுங்கு நண்பர், இரண்டு தமிழர்கள், அப்புறம் என் மகள். அவள் இங்கேதான் படித்தாள், அணிவகுப்பு பேண்டில் டிரம்போன் வாசித்தாள், எங்களையெல்லாம்விட ஆட்டம் தெரிந்தவள். ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பாதிப் பருவத்துக்கு எங்கள் பட்டியலை அதில் எழுதுவோம். சட்டம் ஒன்றே ஒன்று: இரண்டு ஆட்டமாவது தொடக்கம் முதல் கடைசி வரை பார்க்காத ஆட்டக்காரன் பெயரை யாரும் சொல்லக்கூடாது. எங்கள் அணியிலிருந்து ஒருவனுக்குமேல் கூடாது என்பது பிறகு சேர்ந்தது, மெக்கானிக்கின் நச்சரிப்பு தாங்காமல்.

2024 அக்டோபரில் நடந்த சண்டையை மறக்க முடியாது. பாய்ஸி ஸ்டேட்டின் ரன்னிங் பேக் ஆஷ்டன் ஜெண்டி ஆறே ஆட்டத்தில் 1,248 யார்டு ஓடியிருந்தார். ஆறாவது ஆட்டம் ஹவாயில், எங்கள் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டியும் ஓடியது. தெலுங்கு நண்பரும் மகளும் மட்டும் விழித்திருந்து பார்த்தார்கள், 217 யார்டு. அதே சனிக்கிழமைதான் ஹண்டர் கான்சஸ் ஸ்டேட்டுக்கு எதிராகத் தோளில் அடிபட்டு முதல் பாதியிலேயே வெளியே போனார்.

"ஹண்டர் அடிபட்டதும் கொலராடோ தோத்ததே, அதுவே அவன் மதிப்பைச் சொல்லலையா?" என்றார் மெக்கானிக்.

"அப்பா, இவங்க யாரும் ஜெண்டி ஆடினதை முழுசா பார்க்கவே இல்லப்பா. தூங்கிட்டு வந்து பேசுறாங்க" என்றாள் மகள்.

பெரியவர் மட்டும், ஜெண்டிக்கு முன்னால் வழி திறக்கிற ஐந்து பேரின் பெயரை இங்கே யாராவது சொல்லுங்கள், அப்புறம் பேசலாம் என்றார். ஆறு பேரில் ஒருவருக்கும் ஐந்து பெயரும் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வருஷம் ஜெண்டி 2,601 யார்டு வரை போனார். 1988-இல் பாரி சாண்டர்ஸ் வைத்த 2,628 என்ற ஒரு பருவ ஓட்டச் சாதனைக்கு 27 யார்டுதான் பாக்கி. ஹைஸ்மன் வாக்கில் ஹண்டரிடம் 214 புள்ளியில் தோற்றார். நான் ஹண்டர் பக்கம்தான் நின்றேன், இன்றும் அங்கேதான் நிற்கிறேன். ஆனால் மகள் கேட்டது நியாயமான கேள்வி. நாட்டின் கிழக்கே இருக்கும் வாக்காளர்களில் எத்தனை பேர் மலை நேரம், பசிபிக் நேரம் என்று தங்கள் கடிகாரத்துக்கு இரண்டு மூன்று மணி பின்தங்கிய மேற்கில் நடக்கிற ஆட்டங்களுக்கு விழித்திருக்கிறார்கள்? ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மக்காஃப்ரி 2015-இல் எல்லா வகையிலும் சேர்த்து 3,864 யார்டு எடுத்தார். சாண்டர்ஸின் பழைய சாதனை 3,250, அதைத் தூக்கிச் சாப்பிட்டார். இரண்டாம் இடம்தான் கிடைத்தது. கலிஃபோர்னியாக்காரர்கள் இன்றைக்கும் "அவங்க தூங்கிட்டாங்க" என்றுதான் சொல்கிறார்கள்.

நாங்கள் யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. நோட்டுப் புத்தகத்தின் 2012 பக்கத்தில் என் கையெழுத்தில், மையால், அடிக்கோடு போட்டு ஜீனோ ஸ்மித் என்று இருக்கிறது. வெஸ்ட் வர்ஜீனியாவுக்கு ஐந்து ஆட்டத்தில் 24 டச்டவுன் எறிந்தார், எறிந்த ஒரு பந்தைக்கூட எதிரணி பறிக்கவில்லை. பெய்லருக்கு எதிராக மட்டும் 656 யார்டு, எட்டு டச்டவுன், 70-63. நான் பேனாவை எடுத்த மறு வாரம் டெக்சஸ் டெக்கிடம் 49-14 என்று உதை வாங்கினார்கள். தொடர்ந்து ஐந்து தோல்வி. கோப்பை கடைசியில் முதலாம் ஆண்டுப் பையன் ஜானி மன்ஸலுக்குப் போனது, அவன் பெயர் எங்கள் பக்கத்தில் இல்லவே இல்லை. 2015 பக்கத்தில் ஆறு பேரும் ஒருமனதாக எல்.எஸ்.யு.வின் லெனார்ட் ஃபோர்னெட். மூன்று ஆட்டம் அடுத்தடுத்து 200 யார்டுக்குமேல் ஓடியவரை வேறு எப்படிச் சொல்வது? நவம்பர் 7-ஆம் தேதி அலபாமா அவரை 19 ஓட்டத்தில் 31 யார்டுக்குள் அடக்கியது. அதே ராத்திரி எதிர்ப்பக்கம் டெரிக் ஹென்றி 210 ஓடினார். கோப்பையும் அவருக்குத்தான்.

அன்றைக்கு ஹென்றிக்கு முன்னால் நின்ற ஐவரைப் பற்றி ஒரு சேதி. முன்வரிசை முழுவதையும் ஒரே குழுவாக மதித்துக் கொடுக்கிற ஜோ மூர் விருது 2015-இல்தான் தொடங்கியது. முதல் விருது அந்த அலபாமா வரிசைக்கு. அதன் சென்டர் ரையன் கெல்லிக்கு அதே வருஷம் ரிமிங்டன் கோப்பை. சென்டர்களுக்கான அந்தக் கோப்பை, நெப்ராஸ்காவில் ஆடிய எங்கள் டேவ் ரிமிங்டன் பெயரில் இருக்கிறது. முன்வரிசைக்காரர்களுக்குக் கொடுக்கிற அவுட்லேண்ட் கோப்பையை 1981, 1982 என்று இரண்டு தடவை வாங்கிய ஒரே ஆள். ஜோ மூர் கோப்பையின் எடை 800 பவுண்டு. ஒருவனால் தூக்க முடியாது, வரிசையே சேர்ந்து தூக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கிறவர்களில் முன்வரிசைப் பயிற்சியாளர்களும் அந்த இடத்தில் ஆடியவர்களும் இருக்கிறார்கள். ஆக, பார்க்க முடியாது என்பதில்லை. பார்க்கத் தெரிந்தவர்களைக் கேட்டால் போதும்.

இதெல்லாம் ஒரு விளையாட்டுப் பட்டியல்தானே, டிசம்பரில் மறந்துபோகும் என்று நீங்கள் சொல்லலாம். முன்பு அப்படி இருந்திருக்கலாம். 2021 ஜூலையிலிருந்து இந்தப் பிள்ளைகள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். கல்லூரி விட்டுக் கல்லூரி மாறவும் வழி திறந்திருக்கிறது. அக்டோபரில் நீங்கள் எழுதுகிற ஒரு வரி ஜனவரியில் ஒருவனுக்குக் கிடைக்கிற பணம். முழங்கால் பிசகியவன் இடத்தில் இறங்கினானே, அவன் உதவித்தொகை இல்லாமல், தன் செலவில் படிக்க வந்து அணியில் சேர்ந்தவன், இங்கே வாக்-ஆன் என்பார்கள். அவன் அம்மா பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் வேலை பார்க்கிறார். இப்படி வந்தவர்களுக்காக 2010-இலிருந்து பர்ல்ஸ்வொர்த் கோப்பை என்று ஒன்று கொடுக்கிறார்கள். அர்க்கன்சாவில் வாக்-ஆனாக வந்து நாடறிந்த கார்டு ஆகி, 1999-இல் கோல்ட்ஸ் என்ற தொழில்முறை அணி தேர்ந்தெடுத்த பதினோராம் நாள் கார் விபத்தில் போய்விட்ட பிராண்டன் பர்ல்ஸ்வொர்த்தின் பெயரில். முன்வரிசைக்காரன் பெயரில் இருக்கும் அந்தக் கோப்பையையும் அதிகம் வாங்கியவர்கள் பந்தைக் கையில் வைத்திருப்பவர்கள்தான். பேக்கர் மேஃபீல்டுக்கு இரண்டு, ஸ்டெட்சன் பென்னட்டுக்கு இரண்டு. இருவரும் குவார்ட்டர்பேக்.

ஹைஸ்மனில் உங்களுக்கு ஆறு வட்டாரம், வட்டாரத்துக்கு 145 பேர், மொத்தம் 870 வாக்கு. அதோடு உயிரோடிருக்கும் பழைய வெற்றியாளர்களுக்கு ஆளுக்கொன்று. நாட்டில் உள்ள ரசிகர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்கு. அந்த ஒன்றை இரண்டாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்பது வேறு.

பட்டியல் போடும்போது, அந்தப் பருவத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை எத்தனை ஆட்டம் பார்த்தீர்கள் என்று உங்கள் பெயருக்குக் கீழே எழுதுங்கள். இரண்டு என்றால் இரண்டு என்றே எழுதுங்கள், யாரும் கோபப்படமாட்டோம். முன்வரிசைக்கும் டிஃபென்ஸுக்கும் பெயர் எடுக்குமுன், அந்த வாரம் அவர்களை எதிர்த்து ஆடிய அணியின் பயிற்சியாளர் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். தன் ஆளை நாள் முழுக்க நகர்த்தியவன் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தனி ஆளைப் பிரிக்க முடியவில்லை என்றால் ஐவரையும் ஒரே வரிசையாகப் போடுங்கள், ஜோ மூர் விருது செய்கிற மாதிரி. ஆனால் அவர்களுக்கும் ஒரு பத்தி வேண்டும்.

கிழக்கே இருப்பவர்கள், பட்டியலுக்கு முந்தின மூன்று வாரத்தில் ஒரு சனிக்கிழமையாவது கடைசி ஆட்டம் முடிகிற வரை விழித்திருங்கள். முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மறு ஒளிபரப்பைப் பாருங்கள், துண்டுக் காட்சியை அல்ல.

அக்டோபர் பட்டியலை டிசம்பரில் மேஜையில் வைத்துக்கொண்டு வாக்குச்சீட்டு எழுதாதீர்கள். கிழித்துப் போடுங்கள். ஜீனோ ஸ்மித் என்று மையால் எழுதியவன் சொல்கிறேன். கல்லூரிக் கூட்டமைப்புகளின் (கான்ஃபரன்ஸ்) இறுதி ஆட்டங்கள் முடியும்வரை சீட்டை அனுப்பவும் வேண்டாம்.

கடைசியாக, போன அக்டோபர்ப் பட்டியலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அவன் கார்டு அல்ல, சென்டர், மூன்று ஆட்டம் ஆடினான் என்று. அவனுக்குப் பதிலாக இறங்கி மீதி ஆட்டங்களை ஆடியவனின் பெயரையும் அதில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டல் சந்தேகமாக இருந்தால் அந்த அணி அலுவலகத்தைக் கேளுங்கள், சொல்வார்கள். அடுத்த பட்டியலுக்கு இன்னும் சில மாதம்தான் இருக்கிறது. முந்தினது அப்படியேதான் கிடக்கிறது, வலது கார்டு என்று.

லிங்கன், நெப்ராஸ்காவிலிருந்து,
வடக்கு எண்ட் ஸோன் கடைசி வரிசைக்காரன் ஒருவன்